ஆபிரகாம் லிங்கன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உலக வரலாறு பேசுகிறோம். லிங்கனைப் பற்றிப் பேசிய நாளிலிருந்து கேள்விகள் நின்றபாடில்லை. மூத்தவர்கள் அவரைப் பூஜை அறையில் வைக்காத குறையாகப் பேசுகிறார்கள். கைபேசியில் இரண்டு காணொளி பார்த்த இளைஞர்கள் அவர் வேஷம் போட்டவர் என்கிறார்கள். இரண்டு தரப்பும் லிங்கனின் வரிகளையே எடுத்துக் காட்டுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை அவர் உண்மையாகவே சொன்னவை. தேதியைத்தான் யாரும் சொல்வதில்லை. எந்த ஆண்டு, எந்த ஊரில், யாரிடம் சொன்னார் என்று பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அதற்காகத்தான் இதைத் தொகுத்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

லிங்கன் தன் பையனோட வாத்தியாருக்கு எழுதின கடிதம் உண்மைதானே சார்?

இல்லை. நம் பள்ளி ஆண்டு விழாக்களிலும் ஆசிரியர் தினத்திலும் தவறாமல் படிக்கப்படும் அந்தக் கடிதம், லிங்கனின் தொகுக்கப்பட்ட எழுத்துகளில் எங்கும் இல்லை. அவர் கையால் எழுதிய பிரதியும் கிடையாது. அதில் உள்ள அறிவுரைகள் நல்லவைதான். ஆனால் அவை அவருடையவை அல்ல.

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நாம் நேசிக்கிற லிங்கனில் ஒரு பங்கு இப்படி மற்றவர்கள் எழுதிச் சேர்த்தது. அதை நீக்கிவிட்டால் அவர் சிறுத்துப்போவார் என்று பயப்பட வேண்டாம். 1865 மார்ச் 4 அன்று, இரண்டாம் முறை பதவியேற்றபோது அவர் ஆற்றிய உரை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அமெரிக்காவின் வட, தென் மாநிலங்களுக்கு இடையே நடந்த உள்நாட்டுப் போரில் வடக்கின் அதிபராக வெற்றி கைக்கெட்டிய நேரத்தில், எதிரியைப் பழிக்காமல், அடிமைமுறை என்ற பாவத்தில் வடக்குக்கும் பங்கு உண்டு என்று சொன்ன உரை அது. பிள்ளைகளுக்குக் கொடுக்க அது போதும்.

அடிமைகளை விடுவிக்கத்தானே அவர் போரையே ஆரம்பிச்சார்?

முதல் குண்டு தெற்கிலிருந்துதான் வந்தது. 1861 ஏப்ரல் 12 அன்று, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இருந்த சம்டர் கோட்டையை, பிரிந்துபோன தென்மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பின் படை தாக்கியது. அதற்கு முன்பே ஏழு மாநிலங்கள் பிரிந்து போயிருந்தன. லிங்கன் அப்போது பதவிக்கு வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை.

போரின் தொடக்கத்தில் அவர் அறிவித்த நோக்கம் அடிமை விடுதலை அல்ல, நாடு உடையாமல் காப்பது. 1861 மார்ச் 4 பதவியேற்பு உரையிலேயே, அடிமைமுறை ஏற்கெனவே இருக்கும் மாநிலங்களில் அதில் தலையிடும் எண்ணம் தமக்கு இல்லை என்று தெளிவாகச் சொன்னார். 1861 ஆகஸ்டில் தளபதி ஃப்ரிமான்ட் மிசூரியில் கிளர்ச்சியாளர்களின் அடிமைகளை விடுவிப்பதாக அறிவித்தபோது அதை ரத்து செய்தார். அடுத்த ஆண்டு மே மாதம் தளபதி ஹன்டர் அதே வேலையைச் செய்தபோது அதையும் ரத்து செய்தார். அதனால் பாடப்புத்தகத்தில் ஒரே வரியாக வரும் 'அடிமைகளை விடுவிக்கப் போரிட்டார்' என்பது 1861-க்குப் பொருந்தாது. 1864-க்குப் பொருந்தும்.

அப்போ போருக்குக் காரணம் அடிமைமுறை இல்லை, மாநில உரிமைன்னு சொல்றது சரிதானே?

இல்லவே இல்லை. மேலே சொன்னதைக் கேட்டதும் பலர் வழுக்கி விழும் இடம் இது. லிங்கன் எதற்காகப் போரிட்டார் என்பது ஒரு கேள்வி. தெற்கு எதற்காகப் பிரிந்தது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடையைத் தென்மாநிலங்களே எழுதி வைத்திருக்கின்றன. பிரிவதற்கான காரணங்களை விளக்கி மிசிசிப்பி வெளியிட்ட அறிக்கை, தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்ஸாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார்.

1860 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் அடிமைகள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். லிங்கன் கட்சியின் கோரிக்கை, அடிமைமுறை புதிய பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்பது மட்டும்தான். அந்த அளவைக்கூடத் தெற்கால் பொறுக்க முடியவில்லை.

"ஒரு அடிமையைக்கூட விடுவிக்காமல் நாட்டைக் காப்பாற்ற முடியும்னா அதைச் செய்வேன்"னு எழுதினவரா விடுதலை வீரர்?

அந்த வரி உண்மை. 1862 ஆகஸ்ட் 22 அன்று பத்திரிகை ஆசிரியர் ஹோரஸ் கிரீலிக்கு எழுதியது. எல்லா அடிமைகளையும் விடுவித்துத்தான் காப்பாற்ற முடியும் என்றால் அதையும் செய்வேன், சிலரை விடுவித்துச் சிலரை விட்டுவிட்டுத்தான் முடியும் என்றால் அதையும் செய்வேன் என்று கடிதம் தொடர்கிறது. முடிவில், எல்லா இடத்திலும் எல்லா மனிதரும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்ற தம் தனிப்பட்ட விருப்பத்தில் மாற்றமில்லை என்கிறார். காணொளிகளில் இந்தக் கடைசிப் பகுதி வருவதில்லை.

இப்போது தேதியைப் பாருங்கள். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜூலை 22 அன்று, கிளர்ச்சிப் பகுதிகளின் அடிமைகள் இனிச் சுதந்திரமானவர்கள் என்று அறிவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சரவையில் அவர் படித்துக் காட்டியிருந்தார். தோல்விக்கு மேல் தோல்வி வரும் நேரத்தில் வெளியிட்டால் வேறு வழியில்லாமல் செய்தது போலத் தெரியும், ஒரு வெற்றி வரட்டும் என்று அமைச்சர் சீவார்ட் சொன்னார். லிங்கன் அதை ஏற்றுக்கொண்டு காத்திருந்தார். அதாவது கிரீலிக்குக் கடிதம் எழுதும்போது பிரகடனம் மேசையில் தயாராக இருந்தது. செப்டம்பர் 17-இல் ஆன்டீடம் போர் நடந்தது. காத்திருந்த வெற்றியாக அதை எடுத்துக்கொண்டார். ஐந்தே நாளில், செப்டம்பர் 22-இல், முன்னறிவிப்பு வெளியானது.

இந்தக் கடிதத்தை நான் மனதைத் திறந்து காட்டிய கடிதமாகப் படிப்பதில்லை. விடுதலையை விரும்பாத வெள்ளை வாக்காளர்களிடம், நான் இதை நாட்டுக்காகத்தான் செய்யப் போகிறேன் என்று முன்கூட்டியே பக்குவம் செய்கிற கடிதம் அது. தந்திரம்தான். ஆனால் எந்தத் திசையில் போகிற தந்திரம் என்பதையும் பார்க்க வேண்டும்.

விடுதலைப் பிரகடனம் ஒருத்தரைக்கூட விடுவிக்கலைன்னு படிச்சேனே?

1863 ஜனவரி 1 பிரகடனம் கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. பிரியாமல் லிங்கனின் அரசோடு, அதாவது ஒன்றியத்தோடு, நின்ற டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி ஆகிய நான்கு அடிமை மாநிலங்களுக்குப் பொருந்தவில்லை. டென்னசி முழுவதும், லூசியானா, வர்ஜினியாவில் சில பகுதிகளும் விலக்கப்பட்டன. தம் ஆட்சி நடக்காத இடத்தில் விடுவித்தார், நடந்த இடத்தில் விட்டுவிட்டார் என்ற கேலி அன்றே எழுந்தது.

இதற்குச் சட்டக் காரணம் உண்டு. அமைதிக் காலத்தில் ஒரு மாநிலத்தின் அடிமைமுறையை ஒழிக்க அதிபருக்கு அதிகாரம் இல்லை. எதிரியின் வலிமையைக் குறைக்கும் போர் நடவடிக்கை என்று காட்டினால்தான் படைகளின் தலைவராக அவரால் கையெழுத்திட முடியும். அரசியல் காரணமும் உண்டு: கென்டக்கி கை நழுவினால் போரே தோற்றுவிடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. 'ஒருவரைக்கூட' என்பதும் பொய். தென் கரோலினாவின் கடலோரத் தீவுகள் போல, ஒன்றியப் படை பிடித்து வைத்திருந்தும் விலக்குப் பெறாத பகுதிகளில், பல்லாயிரம் பேருக்கு அன்றே சட்டப்படி விடுதலை கிடைத்தது. அதன் பிறகு படை முன்னேறிய ஒவ்வொரு மைலும் விடுதலை பெற்ற மைல். டெக்சாஸின் கால்வெஸ்டனுக்கு அந்தச் செய்தி படையோடு வந்து சேர 1865 ஜூன் 19 ஆகிவிட்டது.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. லிங்கன் இனவெறியரா, இல்லையா?

1858-இல் ஆம். அந்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று, இல்லினாய் மாநிலத்தின் சார்ல்ஸ்டன் என்ற ஊரில் (மேலே சொன்ன துறைமுகம் வேறு, இது வேறு), வெள்ளையரும் கறுப்பரும் சமூகத்திலும் அரசியலிலும் சமமாவதை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை என்று கூட்டத்தில் பேசினார். வாக்குரிமை, ஜூரியில் அமரும் உரிமை, கலப்பு மணம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி மறுத்தார். இரண்டு மாதம் முன்பு, ஜூலை 10-இல், சிகாகோவில் இதே மனிதர் இந்த இனம் அந்த இனம் என்ற வாதத்தையெல்லாம் விட்டுவிடுவோம் என்று பேசியிருந்தார். மாநிலத்தின் வடக்கே ஒரு பேச்சு, தெற்கே ஒரு பேச்சு என்று தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஸ்டீபன் டக்ளஸ் குத்திக் காட்டினார். குத்தினதில் நியாயம் இருந்தது.

அதற்கும் முன்பு, 1847-இல், வழக்கறிஞராக இருந்த லிங்கன் மேட்சன் என்ற அடிமை உடைமையாளருக்காக வாதாடினார். ஜேன் பிரையன்ட் என்ற பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் திரும்பப் பிடித்துக்கொண்டு போக அனுமதி கேட்ட வழக்கு அது. நல்லவேளை, லிங்கன் தோற்றார். அந்தத் தாயின் இடத்தில் நின்று யோசித்தால் இதை ஒரு 'சிறு சறுக்கல்' என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

அதே மனிதர் 1837-இலேயே இல்லினாய் சட்டமன்றத்தில், அடிமைமுறை அநீதியிலும் தவறான கொள்கையிலும் எழுந்தது என்று எழுத்தில் பதிவு செய்தவர். அடிமைமுறையை வெறுப்பதும், கறுப்பரைத் தமக்குச் சமமாக நினைக்காததும் ஒரே மனதில் சேர்ந்தே இருந்தன. நம் ஊரிலும் தீண்டாமை தப்பு என்று மேடையில் பேசிவிட்டு வீட்டில் தனி டம்ளர் வைத்தவர்கள் உண்டு. அதனால் இது நமக்குப் புரியாத விஷயமல்ல.

கறுப்பின மக்களை நாட்டைவிட்டே அனுப்பப் பார்த்தாராமே?

பார்த்தார். அவர் வாழ்க்கையில் எனக்கு அதிகம் வலிக்கிற பக்கம் இது. 1862 ஆகஸ்ட் 14 அன்று கறுப்பினத் தலைவர்கள் ஐவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். பேச்சு வார்த்தைக்கு அல்ல, தம் யோசனையைச் சொல்வதற்கு. உங்கள் இனம் இங்கே இல்லாதிருந்தால் போரே வந்திருக்காது, நாம் பிரிந்திருப்பதே இருவருக்கும் நல்லது, மத்திய அமெரிக்காவில் போய்க் குடியேறுங்கள் என்றார். பாதிக்கப்பட்டவர் மேலேயே பழியைப் போடும் பேச்சு. விடுதலை பெற்ற அடிமையும் பத்திரிகை ஆசிரியருமான ஃப்ரெடரிக் டக்ளஸ் இதை மிகக் கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

கிரீலி கடிதத்துக்கு எட்டு நாள் முன்பு நடந்தது என்பதால், இதுவும் வெள்ளையரைச் சமாதானப்படுத்தும் ஏற்பாடு என்று சிலர் வாதிடுகிறார்கள். பேச்சோடு நின்றிருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். நிற்கவில்லை. 1863-இல் நானூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஹைட்டியை ஒட்டிய வாஷ் தீவுக்கு அரசு ஆதரவோடு அனுப்பப்பட்டார்கள். நோயிலும் பட்டினியிலும் பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்களை 1864-இல் கப்பல் அனுப்பித் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது.

அப்போ விடுதலைக்கு நாம யாருக்கு நன்றி சொல்லணும்?

முதலில், காத்திருக்காமல் நடந்து வந்தவர்களுக்கு. 1861 மே மாதம், போர் தொடங்கி ஆறு வாரத்தில், ஃப்ராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மலோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட் என்ற மூன்று அடிமைகள் இரவில் தப்பி, வர்ஜினியாவில் ஒன்றியப் படை வசமிருந்த மன்ரோ கோட்டைக்கு வந்தார்கள். அங்கிருந்த தளபதி பட்லர் தொழிலால் வழக்கறிஞர். உடைமையாளர் ஆள் அனுப்பித் திருப்பிக் கேட்டபோது, நீங்கள் தனி நாடு என்கிறீர்களே, பிறகு எங்கள் நாட்டுச் சட்டப்படி எப்படித் திருப்பிக் கேட்கலாம் என்று மறுத்துவிட்டார். எதிரிக்கு அரண் கட்டப் பயன்பட்டவர்கள் என்பதால் போரில் கைப்பற்றிய பொருள் என்று கணக்கு எழுதினார். மனிதரைப் பொருள் என்று எழுதித்தான் மனிதராக்க முடிந்தது. செய்தி பரவியதும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். போர் முடிவதற்குள் அது லட்சக்கணக்கானது. வந்தவர்களை என்ன செய்வது என்ற கேள்வியை வாஷிங்டன் தட்டிக்கழிக்க முடியவில்லை. நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதும் லிங்கன் நகர்ந்ததும் இந்த நெருக்கடியில்தான்.

அப்புறம் சுமார் 1,80,000 கறுப்பினப் படைவீரர்கள். வெள்ளைப் படைவீரருக்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம். அந்தச் சம்பளமே வேண்டாம் என்று வாங்க மறுத்துக்கொண்டே போரிட்ட படைப்பிரிவுகள் உண்டு. 1864 ஜூனில்தான் சம ஊதியச் சட்டம் வந்தது.

1864 ஏப்ரலில் கென்டக்கிப் பத்திரிகையாளர் ஒருவருக்கு லிங்கன் எழுதிய கடிதத்தில், நிகழ்வுகளை நான் ஆட்டிவைத்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன், நிகழ்வுகள்தான் என்னை ஆட்டிவைத்தன என்கிறார். அவர் அடக்கத்துக்காகச் சொன்னதாக மேற்கோள் காட்டுவார்கள். அப்படியே நடந்ததும் அதுதான். நம் நாட்டு ஜோதிராவ் புலே அடிமைத்தனத்தைப் பற்றி 1873-இல் எழுதிய நூலைக் காணிக்கையாக்கியது லிங்கனுக்கு அல்ல, அடிமை விடுதலைக்காகத் தியாகம் செய்த அமெரிக்க மக்களுக்கு. புலே சரியாகப் பார்த்திருக்கிறார்.

ஒரே நாள்ல 38 செவ்விந்தியர்களைத் தூக்குல போட்டது இவரா?

ஆம், அவர் கையெழுத்தில். 1862 டிசம்பர் 26, மின்னசோட்டா மாநிலம் மன்காட்டோ. அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் நடந்த மிகப் பெரிய தூக்குத் தண்டனை. தூக்கிலிடப்பட்டவர்கள் டகோட்டா மக்கள். நிலத்தைக் கொடுத்ததற்காக வர வேண்டிய பணம் வராமல் பட்டினியில் கிடந்து, அந்த ஆண்டு ஆகஸ்டில் கிளர்ந்தெழுந்தார்கள். நூற்றுக்கணக்கான வெள்ளைக் குடியேறிகள் கொல்லப்பட்டார்கள். ராணுவ விசாரணையில் 303 பேருக்கு மரண தண்டனை. வழக்கறிஞர் கிடையாது. சில விசாரணைகள் ஐந்து நிமிடம்கூட நடக்கவில்லை.

எல்லாரையும் தூக்கிலிடச் சொல்லி மின்னசோட்டா கொதித்தது. லிங்கன் கோப்புகளை வரவழைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் செய்து, போரில் மட்டும் கலந்துகொண்டவர்களை விலக்கி, 39 பெயர்களைத் தம் கைப்பட எழுதி அனுப்பினார். ஒருவருக்குக் கடைசி நேரத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. அன்று வேறு அரசியல்வாதி இருந்திருந்தால் 303 பேரும் போயிருப்பார்கள் என்பது உண்மை. ஐந்து நிமிட விசாரணையை நம்பி 38 உயிர் போனது என்பதும் உண்மை. ஆறு நாள் கழித்து அதே கை விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டது. தப்பித்தவர்கள் சிறைக்குப் போனார்கள். 1863-இல் டகோட்டா மக்கள் மின்னசோட்டாவை விட்டே வெளியேற்றப்பட்டார்கள்.

எதிர்த்துப் பேசினவங்களை ஜெயில்ல போட்டார், பத்திரிகையை மூடினார். சர்வாதிகாரிதானே?

1861 ஏப்ரலில் ஆட்கொணர்வு மனு உரிமையை நாடாளுமன்றத்தைக் கேட்காமலே நிறுத்திவைத்தார். தலைமை நீதிபதி டேனி அது செல்லாது என்றார். லிங்கன் கண்டுகொள்ளவில்லை. (டேனிதான் 1857-இல், கறுப்பர் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பு எழுதியவர். ஆனால் இந்த விஷயத்தில் சட்டம் டேனி பக்கம் இருந்தது என்றே நினைக்கிறேன்.) ஆயிரக்கணக்கானோர் ராணுவக் கைதிகளானார்கள். 1863 மே மாதம், போரை எதிர்த்துப் பேசிய ஒஹையோ அரசியல்வாதி வலாண்டிகம் கைதானார், பிறகு கூட்டமைப்புப் பகுதிக்குத் துரத்தப்பட்டார்.

சர்வாதிகாரி என்ற சொல் மட்டும் ஒட்டாது. போர் நடுவில், 1864-இல், தேர்தலைத் தள்ளிப்போடாமல் நடத்தினார். ஆகஸ்ட் 23 அன்று, நான் தோற்பது ஏறக்குறைய உறுதி, புதியவரோடு ஒத்துழைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமலே அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கினார். தோற்றால் இறங்கத் தயாராக இருந்தவர்.

அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. இன்னைக்கு அளவுகோலால அளக்கறது நியாயமா?

'எல்லாரும்' என்பதில் யார் யார்? 40 லட்சம் அடிமைகள் அப்படி நினைக்கவில்லை. பத்திரிகையாளர் காரிசன் 1831-இலிருந்தே உடனடி விடுதலை கேட்டார். நாடாளுமன்றத்தில் தாடியஸ் ஸ்டீவன்ஸும் சார்ல்ஸ் சம்னரும் சம உரிமை பேசினார்கள். இன்றைய அளவுகோல் தேவையே இல்லை, அன்றைய அளவுகோல்களே போதும்.

அந்த வேலையை ஃப்ரெடரிக் டக்ளஸ் எல்லாரையும்விட நன்றாகச் செய்துவிட்டார். வாஷிங்டனில் லிங்கனுக்கு ஒரு சிலை, விடுதலை பெற்ற மக்கள் தந்த பணத்தில் எழுந்தது. சார்லட் ஸ்காட் என்ற பெண் விடுதலைக்குப் பின் சம்பாதித்த முதல் 5 டாலரில் அந்த நிதி தொடங்கியது. ஆனால் சிலையில் லிங்கன் நிற்கிறார், கறுப்பர் மண்டியிட்டிருக்கிறார். 1876 ஏப்ரல் 14 அன்று, அதிபர் கிரான்ட் முன்னிலையில், திறப்பு விழாவிலேயே டக்ளஸ் சொன்னார்: லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் அதிபர். அடிமை ஒழிப்பாளரின் இடத்திலிருந்து பார்த்தால் அவர் மெதுவானவர், குளிர்ந்துபோனவர், அக்கறையற்றவர். அவர் நாட்டு மக்களின் மனநிலையோடு வைத்துப் பார்த்தால் வேகமானவர், தீவிரமானவர், உறுதியானவர். லிங்கனை மூன்று முறை நேரில் சந்தித்தவரின் சொல் இது.

கொல்லப்படாம இருந்திருந்தா கறுப்பினத்தவருக்கு முழு உரிமை கிடைச்சிருக்குமா?

நடக்காததை என்னால் சொல்ல முடியாது. நடந்ததில் இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது. 1864 ஜூலையில், தெற்கை மீண்டும் சேர்க்கக் கடுமையான நிபந்தனைகள் போட்ட மசோதாவுக்கு அவர் கையெழுத்திட மறுத்தார். தெற்கிடம் மென்மையாகவே நடக்க நினைத்தார். இன்னொரு பக்கம், அடிமைமுறையை நாடு முழுக்க ஒழிக்கும் அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தத்துக்காகக் கீழவையில் வாக்கு வாக்காகச் சேகரித்தார். 1865 ஜனவரி 31-இல் 119-க்கு 56 என்று அது நிறைவேறியது. குற்றத் தண்டனையாக மட்டும் கட்டாய உழைப்பை அனுமதித்த ஒரு வரி அதில் இருந்தது. அந்த ஓட்டை வழியாகப் பிறகு கைதிகளைக் குத்தகைக்கு விடும் கொடுமை நுழைந்தது.

1865 ஏப்ரல் 11 அன்று வெள்ளை மாளிகையிலிருந்து பேசும்போது, படித்த கறுப்பருக்கும் படைவீரராக இருந்தவர்களுக்கும் வாக்குரிமை தரலாம் என்றார். 1858-இல் சார்ல்ஸ்டனில் அவர் பேசியதை மேலே போய் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஏழே ஆண்டு. கூட்டத்தில் நின்று அதைக் கேட்ட ஜான் வில்க்ஸ் பூத், இதுதான் இவருடைய கடைசிப் பேச்சு என்று சொல்லி, மூன்றாம் நாள் இரவு அவரைச் சுட்டான். அன்று புனித வெள்ளி. அவரைப் புனிதராக்கும் வேலை அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பிரசங்கங்களிலேயே தொடங்கிவிட்டது.

என் பொண்ணு பேச்சுப் போட்டியில லிங்கனைப் பத்திப் பேசப் போறா. இதையெல்லாம் சொன்னா பரிசு கிடைக்குமா?

கிடைக்கும் என்றே நம்புகிறேன். ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். அவர் பிறந்த மரக்குடிசையில் தொடங்காமல், 1862 மே 13 விடியற்காலையில் தொடங்கச் சொல்லுங்கள். சம்டர் கோட்டை இருக்கும் அதே துறைமுகம். ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை, கப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, மனைவி மக்களை உள்ளே ஒளித்துக்கொண்டு, கூட்டமைப்பின் கப்பலையே கோட்டைக் காவலைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போய் ஒன்றியக் கப்பற்படையிடம் ஒப்படைத்தார். அப்போது லிங்கன் இன்னும் பிரகடனத்தை எழுதவில்லை. அங்கிருந்து ஜூலை 22 அமைச்சரவைக் கூட்டத்துக்கு வந்தால் கதை தானாகவே நகரும். மூன்று நிமிடத்துக்கு அது சரியாக இருக்கும்.